காந்தத் துப்பாக்கி எப்படிச் சத்தம் போடும்?

ஜூன் 4

அன்புள்ள சுண்டெலிக்கு,

எட்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நம் இரண்டு பேரில் யாருக்கு வீம்பு அதிகம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் ஜெயித்தாய், ஏனென்றால் காரியம் எனக்கு ஆக வேண்டியிருக்கிறது. திட்டுவதாக இருந்தால் பதிலின் கடைசியில் திட்டு. முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடு.

எங்கள் வானொலியில் முதல் தடவையாக ஒரு விஞ்ஞானத் தொடர் செய்யப் போகிறோம். நூறு வருஷம் கழித்து வானவெளியில் கப்பல்கள் சண்டை போடுகிற கதை. எழுதுகிறவர் பகலில் பல் டாக்டர், சாயங்காலத்தில் கதாசிரியர். கதையில் ஒரு காந்தத் துப்பாக்கி வருகிறது. வெடிமருந்து கிடையாதாம். மின்சாரமும் காந்தமும் சேர்ந்து இரும்புக் குண்டை எறியுமாம். முதல் வாரத்திலேயே அது எட்டுத் தடவை சுடுகிறது. டாக்டர் ஸ்கிரிப்டில் எட்டு இடத்திலும் "டமால்!" என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் பல் பிடுங்கப் போய்விட்டார். மீதி என் தலையில்.

உனக்குத்தான் தெரியுமே, சத்தம் செய்வதுதான் என் பிழைப்பு. துணிப்பையில் சோளமாவைக் கட்டிப் பிசைந்தால் பனியில் நடக்கிற சத்தம். கேரட்டை உடைத்தால் எலும்பு. பெரிய குடையைப் பட்பட்டென்று விரித்து மூடினால் கழுகு. அதெல்லாம் யாராவது ஒருவர் என்றைக்காவது கேட்ட சத்தம். இதுவரை யாருமே கேட்காத ஒன்றை எதை வைத்துச் செய்வது?

நீ வேலை பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் காந்தத்தால் குண்டு எறிகிற குழாய் ஒன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறாய். விமானக் கண்ணாடி எவ்வளவு அடி தாங்கும் என்று பார்க்கிறீர்களாமே. அது எப்படிச் சுடும்? சுடும்போது என்ன கேட்கும்? கொஞ்சம் விவரமாக எழுது.

விளையாட்டில்லை. போன நாடகத்தின் டேப்பில் ஆரம்பம் முதல் முடிவு வரை மெல்லிசாக ஒரு விசில் ஓடியதாம். நாற்பது நேயர்கள் கடிதம் போட்டுவிட்டார்கள். நான் மூன்று தடவை ஓட்டிக் கேட்டேன், அப்படி எதுவும் இல்லை. ஆனால் இயக்குநர் (கழுத்தில் எந்நேரமும் ஸ்டாப்வாட்ச் தொங்கும், அதனால் அவர் பெயரே ஸ்டாப்வாட்ச்) "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நீங்க டேப் அலமாரியப் பாத்துக்கலாம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் நடந்திருக்கிறது. தேர்வுக் குழு ஜூலை 30 அன்று கேட்கிறது. துப்பாக்கி தேறினால் தொடர், தொடர் தேறினால் நான்.

போன் செய்யாதே. எழுதியே அனுப்பு, சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வேன். உன் மனைவி, அந்த நூலகக்காரி, எப்படி இருக்கிறாள்? புத்தகங்களிடம் பேசுகிற அளவாவது உன்னிடம் பேசுகிறாளா?

அன்புடன்,
அக்கா


ஜூன் 13

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் எழுதவில்லை என்கிறாய். நடுவில் இரண்டு தடவை போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு முன்னால் அக்டோபரில் போனில் பேசினோமே, அப்போது நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "கண்டிப்பா, கண்டிப்பா" என்றாய். வரவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. கடைசியில் திட்டச் சொன்னாய், நான் முதலிலேயே முடித்துவிட்டேன். இனி அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

துப்பாக்கிக்கு வருகிறேன்.

ஒரு குழாய். அதன் மேல் வரிசையாகச் செம்புக் கம்பிச் சுருள்கள். ஒரு சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது அந்த நேரத்துக்கு மட்டும் காந்தமாகி, குழாய்க்குள் இருக்கும் இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். இரும்பு சுருளின் நடுவுக்கு வந்ததும் மின்சாரம் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் தாண்டிப் போகிறதைப் பின்னால் பிடித்து இழுத்துக்கொள்ளும். அது நிற்கிற கணத்தில் அடுத்த சுருள் இழுக்கும், பிறகு அதற்கடுத்தது. தீப்பிடித்த இடத்தில் வரிசையாக நின்று வாளி கைமாற்றுவார்களே, அந்த மாதிரி. கடைசிக் கை விடும்போது குண்டு பறக்கிறது.

ஆகவே "டமால்" கிடையாது. வெடிப்பதற்கு அதில் எதுவுமே இல்லை. உங்கள் டாக்டரிடம் சொல்.

இப்போது நான் கேட்கிறேன். சுடுகிறவன் கப்பலுக்குள்ளே இருக்கிறானா, வெளியே மிதக்கிறானா? வெளியே என்றால் சத்தமே இல்லை, காற்று இருந்தால்தானே சத்தம். உள்ளே என்றால் நிறையக் கேட்கும். துப்பாக்கியின் எடை என்ன? அது எதோடு பொருத்தப்பட்டிருக்கிறது? ஏன் கேட்கிறேன் என்றால், கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வெடிமருந்து இல்லை, அதனால் பின்னுதை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எதைக் கொண்டு தள்ளினாலும், முன்னால் ஒன்றைத் தள்ளுகிறவன் பின்னால் போயே தீர வேண்டும். எங்கள் குழாயை நாலு போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கியிருக்கிறோம், அப்படியும் போன மாதம் ஒரு போல்ட் நெளிந்துவிட்டது.

அவள் உன்னை விசாரித்தாள் என்று எழுதக் கை போனது. பழக்கதோஷம். விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
தம்பி


ஜூன் 22

அன்புள்ள சுண்டெலிக்கு,

(நீ "தம்பி" என்று கையெழுத்துப் போட்டாலும் நான் இப்படித்தான் எழுதுவேன். வீட்டிலிருந்த ரேடியோ, கடிகாரம், தையல் மிஷின் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?)

அக்டோபர் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளாதே. அப்போது எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. வர முடியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை டாக்டருக்கு வாசித்துக் காட்டினேன். கதாநாயகன் கப்பலுக்கு வெளியே மிதந்துகொண்டு மூன்று தடவை சுட்டுவிட்டு நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்கிறான் என்று எழுதியிருந்தார். "அப்போ அவன் பின்னாடி போவானா?" என்றார். போவான் என்றேன். "எவ்வளவு தூரம்?" யாராவது பிடிக்கிற வரைக்கும் என்றேன். சொத்தைப் பல்லை நாக்கால் தடவிப் பார்க்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அந்தக் காட்சியையே மாற்றி எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது சுடுகிறவன் ஒரு பீரங்கிக்காரன், வயதானவன், இருபது வருஷமாக அதே கப்பலின் அடித்தளத்தில் அதே துப்பாக்கியோடு இருக்கிறான். ஒவ்வொரு தடவை சுடும்போதும் கப்பலே ஒரு அடி பின்வாங்குகிறது, மேல்தளத்தில் கேப்டனின் டம்ளர் கவிழ்கிறது. டம்ளர் எனக்குச் சுலபம்.

ஸ்டாப்வாட்சுக்கும் பிடித்துவிட்டது. "யாரும்மா உங்க தம்பி? நம்ம பக்கம் இழுத்துடலாமா?" என்று கேட்டார். காந்தம் வைத்து இழுத்தாலும் வரமாட்டான், கோபத்தில் இருக்கிறான் என்று சொன்னேன்.

பீரங்கிக்காரன் உள்ளேதான் இருக்கிறான். அவன் காதில் என்ன விழும்? எழுத்தில் படித்தால் எனக்குப் போதவில்லை. உங்கள் குழாய் சுடுவதை ஒரு கேசட்டில் பிடித்து அனுப்ப முடியுமா? அதை வைத்துக்கொண்டு மேலே நான் கட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

வேலை தலைக்கு மேல் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். சரி. அந்த வரியை நான் மட்டும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன், அவளிடம் காட்டவில்லை.

கேசட் இத்துடன் இருக்கிறது. பெரியவரிடம் (எங்கள் கூடத்தின் தலைவர்) கேட்டபோது, "நாடகத்துக்கா? நம்ம குழாயா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார். கேசட்டில் அவர் முகம் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னென்ன கேட்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நான் "தயார்" என்பேன். பிறகு மின்தேக்கிகள் நிரம்பும். அவைதான் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் விடுகிறவை. போட்டோ ஸ்டுடியோவில் பிளாஷ் நிரம்பும்போது "ஙீ..." என்று ஒரு சத்தம் மேலே மேலே ஏறுமே, அதுதான் இதுவும், ஆனால் பத்து மடங்கு. முதலில் வண்டு மாதிரி இருக்கும், பிறகு கொசு, அதற்குப் பிறகு அதற்கும் மேலே. மொத்தம் பதினோரு வினாடி. அப்புறம் சுருள்கள் குலுங்கிக்கொள்கிற சத்தம், ஒரு பெரிய மனிதர் ஒரே ஒரு தடவை இருமினால் எப்படி இருக்கும், அப்படி. கடைசியில் கண்ணாடியில் குண்டு படுகிற சத்தம்.

எனக்குப் பிடித்தது அந்தப் பதினோரு வினாடிதான். சுட்ட பிறகு என்ன, எல்லாம் முடிந்துபோன விஷயம். ஏறிக்கொண்டே போகிற அந்தச் சத்தத்தில்தான் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உன் பீரங்கிக்காரனும் அப்படித்தான் நிற்பான் என்று நினைக்கிறேன்.

தம்பி


ஜூலை 7

அன்புள்ள சுண்டெலிக்கு,

கேசட் வந்தது. பெரியவரின் தொண்டைக் கனைப்பு பிரமாதம், அதை எங்காவது பயன்படுத்திவிடுவேன் என்று அவரிடம் சொல்.

ஆனால் அரைகுறையாக அனுப்பியிருக்கிறாயே! வண்டு இருக்கிறது, கொசு இருக்கிறது, ஏழாவது வினாடியோடு சத்தம் நின்றுவிடுகிறது. பிறகு நாலு வினாடி வெற்று டேப். அதற்கப்புறம் திடீரென்று இருமல், கண்ணாடி. நடுவில் பொத்தானை அழுத்திவிட்டாயா? இல்லை, ஒலிவாங்கியை எங்கே வைத்தாய்? குழாய்க்கு நேர் எதிரே வைக்காதே, ஓரமாக ஒரு கை தூரத்தில் வை. கேசட்டும் பழசாக இருக்கும். கஞ்சத்தனம் பார்க்காமல் புதுசு ஒன்று வாங்கு.

நீ சொன்ன பிளாஷையும் தேடிக்கொண்டு போனேன். ஸ்டுடியோக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டினார். நிரப்பினார். கொஞ்சம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. ரிப்பேரா என்றேன். "என்னம்மா, இந்தக் கத்து கத்துது!" என்கிறார். வியாபாரிகள் பேச்சு. வாங்கவில்லை.

மறுபடி பிடித்து அனுப்பு, சீக்கிரம். இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


ஜூலை 12

அக்காவுக்கு,

புதுக் கேசட், வேறு ஒலிவாங்கி, நீ சொன்ன தூரம், எல்லாம் சரியாகச் செய்திருக்கிறேன். பெரியவர் மறுபடி தலை வாரிக்கொண்டார்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. முதல் கேசட்டின் பிரதி என்னிடம் இருக்கிறது. வீட்டில் போட்டுக் கேட்டேன். பதினோரு வினாடியும் இருக்கிறது. நடுவில் எதுவும் நிற்கவில்லை. அடுக்களையில் இருந்த அவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, "அத நிறுத்துங்க, பல்லு கூசுது!" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை, உனக்குத் தெரியும்.

தபாலில் வந்தபோது பக்கத்தில் ஏதாவது காந்தம் இருந்து அழித்திருக்குமோ என்று யோசித்தேன். அழித்தால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அழிக்கும், நாலு வினாடியை மட்டும் பொறுக்கி எடுத்து அழிக்காது. உங்கள் மிஷினில் கோளாறா? வேறு மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டு எழுது. இது எனக்குத் தலைக்குள் குடைகிறது.

தம்பி


ஜூலை 17

அன்புள்ள சுண்டெலிக்கு,

இதுவும் அப்படியேதான். மூன்று மிஷினில் போட்டுப் பார்த்தேன். ஏழு வினாடி ஏறுகிறது, நாலு வினாடி மௌனம், பிறகு இருமல். ஆனால் இனி நீ கஷ்டப்பட வேண்டாம். கேட்டுக் கேட்டு அந்த மௌனம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது! ஏறிக்கொண்டே வந்த சத்தம் சட்டென்று காணாமல் போகிறது, ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லை, பிறகு கப்பல் அதிர்கிறது. எதற்கு மாற்ற வேண்டும்? அப்படியே வைத்துவிட்டேன். இருமலுக்குக் கீழே ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியை மரச்சுத்தியால் தட்டிச் சேர்த்தேன், கப்பலின் உடம்பு அதிர்கிற மாதிரி இருக்கிறது. டம்ளர் கவிழ்கிறது. கேட்டால் உனக்கே சிலிர்க்கும்.

நேற்று ஸ்டாப்வாட்சுக்கும் டாக்டருக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். ஸ்டாப்வாட்ச் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரமாதம்மா! அதுவும் கடைசில ஊசி மாதிரி ஏறுது பாருங்க, பல்லு கூசுது" என்றார். டாக்டர், "என் மிஷின் சத்தம் மாதிரியே இருக்கு, பேஷண்ட்டுங்க எழுந்து ஓடிடுவாங்க" என்று சிரித்தார். எந்த ஊசியைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பாராட்டுகிறவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டேன். கலைஞர்களுக்குக் கற்பனை அதிகம், அவர்களே எதையாவது கேட்டுக்கொள்வார்கள் போலிருக்கிறது.

அப்பாடா, டேப் அலமாரி தப்பித்தது. எல்லாம் உன் புண்ணியம். நூலகக்காரி கத்தினாளா? நான் பக்கத்தில் இருந்து கேட்காமல் போனேனே!

அன்புடன்,
அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு முதலிலிருந்து உன் எல்லாக் கடிதங்களையும் எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். கோபப்படாமல் இதைக் கடைசி வரைக்கும் படி.

ஸ்டாப்வாட்சும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் சொன்னதும் அதே சத்தத்தைத்தான். ஸ்டுடியோக்காரர் சொன்னதும் அதைத்தான். நாற்பது நேயர்கள் எழுதியதும் அந்த மாதிரி ஒரு மெல்லிய சத்தத்தைப் பற்றித்தான். டேப்பில் சத்தம் இருக்கிறது, அக்கா. நாலு வினாடியும் இருக்கிறது.

என்னை நம்ப வேண்டாம். உன் மேஜையில் சத்தத்தின் அளவு காட்டுகிற முள் ஒன்று இருக்குமே, டேப்பை ஓடவிட்டு அதைப் பார். ஏழாவது வினாடிக்கு மேல் முள் படுத்துவிட்டால் நான் முட்டாள், மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். படுக்கவில்லையென்றால் டாக்டரிடம் போ. பல் டாக்டரிடம் அல்ல.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ ஏன் எப்போதும் "போன் செய்யாதே, எழுது" என்கிறாய்? முன்பெல்லாம் போனை வைக்கவே மாட்டாயே. அக்டோபரில் நான் போன் செய்தபோது, நான் சொன்னது உன் காதில் விழுந்ததா?

நான் சொன்னது இதுதான். அவளுக்கு வயிற்றில் கட்டி, அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன், எனக்குப் பயமாக இருக்கிறது, நீ ஒரு பத்து நாள் வந்து கூட இரு அக்கா. நீ "சரிடா, கண்டிப்பா, கண்டிப்பா" என்றாய். செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் காலை ரயிலுக்கு ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். வியாழக்கிழமை உள்ளே கொண்டுபோகும்போது அவள் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி, "அக்கா வந்தாச்சா?"

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். கெட்ட கட்டி இல்லை. ஆனால் ஒன்பது மாதமாக இந்த வீட்டில் உன் பேச்சு இல்லை. நீ கல்நெஞ்சக்காரி என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன். இத்தனை வருஷம் உன்னைத் தெரிந்திருந்தும் நம்பினேன், அதற்கு நான்தான் வெட்கப்பட வேண்டும்.

முள்ளைப் பார்த்துவிட்டு எழுது.

உன்,
சுண்டெலி


ஆகஸ்ட் 1

என் அருமைச் சுண்டெலிக்கு,

பார்த்தேன்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு டேப்பை ஓட்டினேன். வண்டு ஏறியது, முள் ஏறியது. கொசு ஏறியது, முள் இன்னும் ஏறியது. ஏழாவது வினாடியில் என் காதில் எல்லாம் நின்றது. முள் நிற்கவில்லை. வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டே இருந்தது. நாலு வினாடி. மறுபடி ஓட்டினேன். ஆறு தடவை ஓட்டினேன், ஏழாவது தடவைக்குக் கை வரவில்லை. முப்பது வருஷமாக என் காதை வைத்துச் சோறு தின்கிறவள், அந்தக் காது இல்லாத இடத்தில் முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன், மறைப்பானேன்.

தெரியவே தெரியாது என்று சொன்னால் அது பொய். இரண்டு வருஷமாகப் போனில் எல்லோரும் தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. லைன் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கென்று ஐந்தாறு வார்த்தைகள் வைத்திருக்கிறேன். சரி. ஆமா. அப்படியா. பாக்கலாம். கண்டிப்பா. யார் எதைச் சொன்னாலும் இதில் ஒன்று பொருந்திவிடும். கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரி, ஸ்டாப்வாட்ச், எல்லோரிடமும் இப்படியே ஓட்டினேன். நீ பயந்துபோய் என்னைக் கூப்பிட்டபோது உனக்கும் அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் மாதம் உனக்கு "வேலை தலைக்கு மேல்" என்று எழுதினேனே, அதுவும் பொய்தான். நீ எதைச் சொல்கிறாய் என்றே தெரியாமல் எழுதினேன். என்ன என்று கேட்டிருந்தால் என் குட்டு உடைந்துவிடும் என்று பயம். நீ ஸ்டேஷனில் இரண்டு நாள் நின்றதற்கும், அவள் உள்ளே போகிற நேரத்தில் என்னைத் தேடியதற்கும் நான் என்ன மன்னிப்புக் கேட்டாலும் போதாது. ஆனாலும் கேட்கிறேன். உன்னிடமும் அவளிடமும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

28ஆம் தேதி ஸ்டாப்வாட்சிடம் போய் உண்மையைச் சொன்னேன். மேல் சத்தம் எனக்குக் கேட்பதில்லை, விசிலும் அதனால்தான் போன நாடகத்தில் தங்கிவிட்டது என்றேன். அவர் ரொம்ப நேரம் ஸ்டாப்வாட்சை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "அப்போ அந்தக் கடைசி நாலு செகண்ட் நீங்க செஞ்சது இல்லையா?" என்று கேட்டார். இல்லை, எனக்கு அது மௌனம் என்றேன். சொல்லும்போதே எனக்கு ஒன்று தோன்றியது. அதை வெட்டிவிடலாம் என்றேன். "வெட்டினா கேக்கறவங்களுக்கு ஒண்ணுமே கேக்காதேம்மா, ரேடியோ கெட்டுப்போச்சுன்னு தட்டுவாங்க" என்றார்.

"பீரங்கிக்காரனுக்கும் கேக்காது சார்" என்றேன். "இருபது வருஷமா தெனமும் அது பக்கத்துலயே நிக்கறான். அவன் காது எப்பவோ போயிருக்கும். அந்தச் சத்தம் இருக்குன்னு அவனுக்குத் தெரியும், ஆனா கேக்காது. எண்ணிக்கிட்டு நிக்கறான், அவ்வளவுதான். அவன் காதால நாம கேப்போம்."

டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் நின்றபடியே பீரங்கிக்காரனுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தார். சத்தம் நிற்கிறது. அவன் மெதுவாக, "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு" என்று எண்ணுகிறான். கப்பல் அதிர்கிறது. நானே பிளேடை எடுத்து அந்த நாலு வினாடியை டேப்பிலிருந்து வெட்டினேன். அந்த இடத்தில் பீரங்கிக்காரனாக நடிக்கிறவர் எண்ணுவதை ஒட்டினேன்.

30ஆம் தேதி குழு கேட்டது. எட்டுத் தடவை அந்த மௌனம் வந்தபோது எட்டுத் தடவையும் ஐந்து பேரும் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனார்கள். தொடர் தேறிவிட்டது. பன்னிரண்டு வாரம். என் விஷயத்தில் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். சத்தம் நான் செய்யலாம், கடைசி டேப்பை மட்டும் வேறொருவர் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் சுருக்கென்றது. பிறகு நியாயம் என்று பட்டது. காது டாக்டரையும் பார்த்தேன். போனது திரும்பாது, இருப்பதைப் பாதுகாக்கலாம் என்கிறார். காதில் மாட்டிக்கொள்ள ஒன்று தருகிறார், அதில் ஒரு சின்னச் சுருள் இருக்கிறதாம். உனக்குக் கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், தொடக்கூடாது.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன். அப்போது வந்து இருக்க வேண்டிய பத்து நாளை இப்போது வந்து இருக்கிறேன், பயன் இருக்கிறதோ இல்லையோ. நூலகக்காரியிடம் சொல், என்னை வெளிச்சத்தில் எதிரே உட்கார வைத்து, அந்த ஆபரேஷன் கதையை முதலிலிருந்து சொல்லட்டும். திட்டுவதையும் சேர்த்துச் சொல்லட்டும். நூலகக் குரல் வேண்டாம், பல் கூசினபோது கத்தினாளே, அந்தக் குரலில் சொல்லட்டும். இந்தத் தடவை "சரி" என்று சொல்லமாட்டேன். புரிகிற வரைக்கும் "என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நீ ஸ்டேஷனுக்கு வந்துவிடு. ரயில் வந்ததும் தூரத்தில் நின்று கூப்பிடாதே, எனக்குக் கேட்காது. பக்கத்தில் வந்து தோளைத் தொடு.

உன்,
அக்கா